செயற்றிட்டத்தின் பெயரும் இலச்சினையும் யாருக்குச் சொந்தம்? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் தட்டெழுத்தும் மொழிபெயர்ப்பும் செய்கிற சிறிய கடை என்னுடையது. பிறப்புச் சான்றிதழ், காணிக் கடிதம் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு இப்போது ஒப்பந்தங்களும் வருகின்றன. ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பங்கள், தேயிலை பைக்கற் பண்ணும் பெண்கள் குழுக்கள், நூலகம் தொடங்கும் இளைஞர்கள் என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்தேன். நான் சட்டத்தரணி இல்லை. கையெழுத்துப் போடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இந்தப் பக்கம் உதவும்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்கிற சின்ன வேலை. இதுக்குப் போய்ப் பெயர், லோகோ எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதணுமா?

எழுதுங்கள். காசுச் சண்டை என்றால் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்க்கலாம். பெயர்ச் சண்டைக்குப் புரட்ட ஒன்றும் இருப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு குழு மூலிகைத் தேநீர் செய்து விற்றது. நான்கு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்தாம் வருடம் பெரிய கடை ஒன்று மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னது. அன்றைக்குத்தான் "இந்தப் பெயரை வைத்தது யார்?" என்ற பேச்சே வந்தது. பெயர் வைத்தவர் ஒருவர், லேபிள் வரைந்தவர் இன்னொருவர், பேஸ்புக் பக்கம் மூன்றாமவரிடம். மூவருமே நல்ல மனிதர்கள்தான். இப்போது மூன்று பெயரில் மூன்று தேநீர் இருக்கிறது. அந்தக் கடை மூன்றையும் எடுக்கவில்லை.

நீளமாக எழுதத் தேவையில்லை. ஒப்பந்தத்துக்குள் ஒரு பந்தி, கடைசியில் ஒரு பக்க அட்டவணை. அட்டவணையில் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

அடையாளம் என்றால் லோகோ தானே?

லோகோ அதில் ஒரு துண்டு. முழுப்பெயர், சுருக்கப்பெயர், பெயருக்குக் கீழே வாசகம் ஏதும் இருந்தால் அது, இலச்சினை, நிறங்கள், எழுத்துரு, இணைய முகவரி, சமூக ஊடகப் பக்கங்கள், ரப்பர் முத்திரை எல்லாம் அட்டவணையில் வரவேண்டும். இலச்சினையை "மலையும் இரண்டு இலையும் கொண்ட படம்" என்று விவரித்துவிட்டு நிறுத்தாதீர்கள், படத்தையே ஒட்டுங்கள். நிறத்தைப் "பச்சை" என்று எழுதுவதும் வீண். அச்சகத்தில் பச்சைக்கு முடிவே கிடையாது. வடிவமைத்தவரிடம் நிறத்தின் குறியீட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள்.

எல்லோரும் மறப்பது தொலைபேசி இலக்கத்தை. ஹோம்ஸ்டே ஒன்றுக்கு மூன்று வருடமாக வந்து போனவர்கள் சேமித்து வைத்திருப்பது அந்த வாட்ஸ்அப் இலக்கத்தைத்தான். அது யாருடைய அடையாள அட்டையில் எடுத்த சிம் என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்று மொழியிலும் பெயர் வேணுமா? தமிழில் இருந்தால் போதாதா?

தமிழில் மட்டும் வைத்தாலும் மற்ற இரண்டு மொழிக்காரர்கள் அதை எழுதத்தான் போகிறார்கள். நீங்கள் முடிவு செய்யாவிட்டால் அவரவர் இஷ்டத்துக்கு எழுதுவார்கள். பெயரில் ஒரு 'ழ' வந்தால் போதும், ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். 'மலையகம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சிலர் 'க'வுக்கு ஒரு எழுத்தைப் போடுகிறார்கள், சிலர் 'ஹ' ஒலிக்கான எழுத்தைப் போடுகிறார்கள். பத்திரிகையில் எப்படி வந்தாலும் பரவாயில்லை. வங்கியில் அப்படி நடக்காது. கணக்கில் ஒரு எழுத்தும் காசோலையில் இன்னொரு எழுத்தும் இருந்தால் காசோலை திரும்பி வரும். அதனால் மூன்று எழுத்து வடிவங்களையும் அட்டவணையில் போட்டு, "இவை மூன்றும் ஒரே பெயரைக் குறிக்கும், வேறு எந்த எழுத்து வடிவமும் பயன்படுத்தப்படாது" என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொரு விஷயம், பெயரை ஒரு சிங்கள நண்பரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கொத்தமல்லித் தேநீர் செய்த ஒரு குழு 'மல்லி' என்று அழகாகப் பெயர் வைத்தது. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. பதுளைக் கடைக்காரர் "தம்பியையா பைக்கற்றில் போட்டிருக்கிறீர்கள்?" என்று சிரித்தாராம். அது கெட்ட அர்த்தம் இல்லை என்பதால் தப்பித்தார்கள். எல்லாப் பெயருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

பெயர் செயற்றிட்டத்துக்கே சொந்தம் என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். செயற்றிட்டம் என்பது ஒரு வேலை. சட்டத்தின் கண்ணில் அது ஒரு ஆள் இல்லை. ஆள் இல்லாததால் எதையும் சொந்தமாக வைத்திருக்கவும் முடியாது, வழக்குப் போடவும் முடியாது. "பெயரின் உரிமை செயற்றிட்டத்துக்கு உரியது" என்று எழுதுவது, பெயரை நடு ரோட்டில் வைத்துவிட்டுப் போவது மாதிரி.

உரிமையாளர் என்று ஒரு மனிதரோ, சட்டப்படி பதிவான ஓர் அமைப்போ இருக்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவான கம்பனியாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம். பதிவு இன்னும் நடக்கவில்லை என்றால் இடைக்காலத்துக்கு ஒருவர் பெயரில் வைக்கலாம், ஆனால் இப்படி எழுதுங்கள்: "மேற்படி பெயரையும் இலச்சினையையும் இன்னார் இக்குழுவின் சார்பில் பொறுப்பாக வைத்திருப்பார். குழு சட்டப்படி பதிவானதும் 30 நாட்களுக்குள் எவ்விதக் கொடுப்பனவும் இன்றி அவற்றை அப்பதிவின் பெயருக்கு எழுத்தில் மாற்றிக் கொடுப்பார்." அந்த 'இன்னார்' தலைவராக இருக்கவேண்டும் என்றில்லை. என் அனுபவத்தில், தலைவர் பதவிக்கு ஆசைப்படாதவரிடம் கொடுப்பதே மேல்.

பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டோம். இனி வேறு யாரும் அதை வைக்க முடியாது, சரிதானே?

சரியில்லை. பிரதேச செயலகத்தில் செய்வது வியாபாரப் பெயர்ப் பதிவு. இந்தப் பெயரில் இந்த ஆள் வியாபாரம் செய்கிறார் என்பதை அது காட்டும். வங்கிக் கணக்குத் திறக்க உதவும். பெயரைப் பிறரிடமிருந்து காக்கும் வேலி அது இல்லை. கம்பனிப் பதிவும் அப்படித்தான். அதே பெயரில் இன்னொரு கம்பனி பதிவாகாமல் தடுக்கும், ஆனால் அந்தப் பெயரைப் பைக்கற்றில் அச்சடிப்பதைத் தடுக்காது.

வேலி வேண்டுமென்றால் வியாபாரக் குறியாக (ட்ரேட் மார்க்) பதியவேண்டும். அதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். விண்ணப்பம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகும். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: தேயிலை 30இல், தங்குமிடம் 43இல், கல்வி 41இல், உடுப்பு 25இல். தேயிலைக்குப் பதிந்த பெயரை ஹோம்ஸ்டேக்கும் காக்கவேண்டுமென்றால் அந்த வகுப்புக்கும் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அலுவலகம் ஏற்றுக்கொண்ட குறி வர்த்தமானியில் வெளியாகும். அதன்பின் மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு 10, 10 ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

விண்ணப்பத்தை யார் பெயரில் போடுவது என்ற கேள்விக்குப் பதில் முந்திய கேள்வியில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கட்டணம் யார் கட்டுவது, பத்தாம் வருடம் புதுப்பிப்பதை யார் நினைவில் வைத்திருப்பது என்பதையும் எழுதுங்கள்.

ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டால்? அதை யாரும் உரிமை கோர முடியாதே.

யாரும் உரிமை கோர முடியாது என்பதுதான் சிக்கலே. நீங்களும் கோர முடியாது. பொருள் எங்கிருந்து வருகிறது, எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்கிற சொல்லை வியாபாரக் குறியாகப் பதிய சட்டம் இடம் தராது. 'நுவரெலியா தேயிலை' என்ற இரண்டு சொற்களை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். ஊர்ப் பெயரோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லும் வேண்டும்.

தேயிலை என்றால் கூடுதல் கவனம். நுவரெலியா, உடப்புசல்லாவ, டிம்புள, ஊவா, கண்டி, சப்ரகமுவ, ருகுணு ஆகிய ஏழும் வெறும் இடப்பெயர்கள் இல்லை, இலங்கைத் தேயிலையின் பிரதேசப் பெயர்கள். கண்டியில் பறித்த இலையை ஊவா என்று எழுதி விற்றால் வாங்குபவரை ஏமாற்றுவதாகிவிடும். ஒப்பந்தத்தில் "பைக்கற்றில் குறிப்பிடும் பிரதேசத்தில் விளைந்த தேயிலை மட்டுமே அதில் அடைக்கப்படும்" என்று போட்டுவிட்டால், பிறகு மலிவாகக் கிடைத்த இலையைக் கலப்போமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலச்சினைக்கும் இதே கதைதான். எல்ல பக்கம் போனால் இரண்டு கடைக்கு ஒரு கடை ஒன்பது வளைவுப் பாலத்தைப் போட்டிருக்கிறது. அழகான பாலம்தான். 1921இல் கட்டியது, இன்னும் உறுதியாக நிற்கிறது. அதற்காக எல்லோரும் அதையே வரைந்தால் உங்கள் கடையை யார் அடையாளம் காண்பது?

சிங்க முத்திரையைப் பைக்கற்றில் போடலாமா? எல்லோரும் போடுகிறார்களே.

வாள் பிடித்த சிங்கம் உள்ள அந்த இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தம். நூறு வீதம் இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இலங்கையிலேயே பைக்கற் செய்திருக்கவேண்டும், சபையின் தரத்துக்கு வந்திருக்கவேண்டும். அதன்பின் சபையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை லேபிள் மாதிரியில் கூடச் சிங்கத்தை வைக்காதீர்கள். மாதிரிதானே என்று வைத்தது அப்படியே அச்சுக்குப் போன கதை எனக்குத் தெரியும்.

லோகோவை அண்ணன் மகன் வரைந்து தந்தான். காசு கூட வாங்கவில்லை. அது எங்களுடையதுதானே?

காசு வாங்காததால் அது உங்களுடையதாகிவிடவில்லை. வரைந்த நிமிடத்திலிருந்து பதிப்புரிமை வரைந்தவருடையது. பதிவு எதுவும் தேவையில்லை. அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக வரைந்திருந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, பொருளாதார உரிமை, அதாவது படத்தை அச்சிட்டு விற்றுப் பயன்படுத்தும் உரிமை, வேலை கொடுத்தவருக்கு வரும். அண்ணன் மகன் உங்கள் ஊழியர் இல்லையே.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், இரு பக்கக் கையெழுத்தோடு இருக்கவேண்டும். வாய்வார்த்தை போதாது. இப்படி எழுதலாம்: "இத்துடன் இணைத்துள்ள இலச்சினையின் பதிப்புரிமையில் அடங்கும் பொருளாதார உரிமைகள் அனைத்தையும், எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்துவதற்கு, இன்னாருக்கு முழுமையாக ஒப்படைக்கிறேன். இலச்சினையில் பிறருடைய படமோ உரிமம் பெறாத எழுத்துருவோ இல்லை." வரைந்தவர் பெயரைச் சொல்லவேண்டும் என்ற தார்மிக உரிமை அவரிடமே இருக்கும். பைக்கற்றில் இடமில்லாவிட்டாலும் இணையப் பக்கத்தில் பெயரைப் போடுங்கள், குறைந்தா போய்விடுவோம்? பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றாரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

சும்மா வாங்காமல் ஏதாவது கொடுங்கள் என்றும் சொல்வேன். சித்தப்பாவுக்கு என்று வரைந்தவன், அது கொழும்பு சுப்பர்மார்க்கெட் அலுமாரியில் இருப்பதைப் பார்க்கும்போது அவன் மனம் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்?

அச்சகத்தில் காசு கொடுத்துச் செய்தால்?

மேலே சொன்னதேதான், பில் மட்டும் போதாது. கூடவே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அச்சகங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு நிறுத்திவிடும். பெயர்ப்பலகைக்குப் பெரிதாக்கினால் அது உடைந்துபோகும். "திருத்தக்கூடிய மூலக் கோப்புகளை ஒப்படைத்த பின்பே இறுதிக் கொடுப்பனவு" என்று ஒரு வரி.

காசு தருகிற நிறுவனம் தங்கள் லோகோவை எல்லா இடத்திலும் போடச் சொல்கிறது. எங்கள் பெயர் கீழே சின்னதாக வருகிறது. மறுக்கலாமா?

போடவே மாட்டோம் என்று மறுத்தால் காசும் வராது. அனுசரணையாளர்களுக்கு இதற்கென்று எழுதி வைத்த விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி என்றால் பன்னிரண்டு நட்சத்திரச் சின்னமும் நிதி யாருடையது என்ற வாசகமும் வரவேண்டும், பக்கத்தில் வேறு இலச்சினைகள் இருந்தால் அவற்றுக்குக் குறையாமல் கண்ணில் படவேண்டும். கவனியுங்கள், குறையாமல் என்றுதான் விதி. உங்களுடையது சின்னதாக இருக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. சின்னதாக்குவது பெரும்பாலும் இடையில் இருக்கும் உத்தியோகத்தரின் அதிகப்படியான பயம். விதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பணிவாக. நான் பார்த்தவரை பாதிப்பேர் இறங்கி வருகிறார்கள்.

பேசி முடிவெடுக்க வேண்டியவை வேறு. பெயர் யாருடையது? நிதி கொடுத்ததால் செயற்றிட்டத்தின் பெயரும் அனுசரணையாளருக்குப் போகும் என்று பின்னிணைப்பில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். உங்கள் இலச்சினையை அவர்கள் தங்கள் அறிக்கைகளில் போட அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். பலகை, பெனர், டீசேர்ட் அச்சடிக்கும் செலவு யாருடையது? ஒரு சிறிய நூலகத்துக்குக் கிடைத்த நிதியில் கணிசமான பங்கு பெயர்ப்பலகைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் வாங்கக் காசு தேடி அலைந்தார்கள்.

அப்புறம், முடிவுத் திகதி. அனுசரணையாளரே இல்லாமல் போனால் என்ன செய்வது? யாரும் நினைக்காத விஷயம்தான், ஆனால் நடந்துவிட்டது. உலகம் முழுக்கப் பலகைகளில் இருந்த அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட், 2025 ஜூலை 1ஆம் திகதியோடு தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. பலகைகள் தங்களாகக் கழன்று விழவில்லை. "நிதிக்காலம் முடிந்து ஆறு மாதத்தின் பின், நிலையான கட்டடப் பலகை தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் அனுசரணையாளரின் இலச்சினையை நீக்கலாம்" என்று எழுதி வைத்தால் உங்கள் கை கட்டுப்படாது.

தோட்டத்துத் துரை இடம் கொடுத்தார். பதிலுக்குத் தோட்டத்தின் பெயர் எங்கள் பெயரில் வரணும் என்கிறார். நல்லதுதானே?

இப்போதைக்கு நல்லது. துரைமார் மாறுவார்கள். 1992க்குப் பிறகு தோட்டங்களை நடத்துவது பெருந்தோட்டக் கம்பனிகள், அந்தக் கம்பனிகளின் முதலாளிகளும் மாறுகிறார்கள். அடுத்தவர் வந்து "எங்கள் பெயரைப் போட யார் சொன்னது?" என்றால் பழைய துரையைத் தேடிக் கொழும்புக்கா போவீர்கள்? அனுமதியைக் கம்பனியின் கடிதத்தலைப்பில், அதிகாரமுள்ளவரின் கையெழுத்தோடு, காலம் குறிப்பிட்டு வாங்குங்கள். காலம் முடிந்தால் அல்லது அனுமதி திரும்பப் பெறப்பட்டால் பெயரை மாற்ற ஆறு மாதமாவது அவகாசம் வேண்டும், அச்சிட்ட பைக்கற்றுகளை விற்று முடிக்க அனுமதி வேண்டும்.

தேயிலை விற்பவர்களுக்கு இன்னொன்று. தொழிற்சாலைகள் கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை அனுப்பும்போது போடும் 'செல்லிங் மார்க்' என்பது பல இடங்களில் தோட்டத்தின் பெயர்தான். அதை அவர்கள் விட்டுத்தர மாட்டார்கள். நம்மவர்கள் தோட்டத்துக்கு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்குமே, லயத்தில் பாட்டிமார் சொல்கிற பெயர், அதை வைக்கலாமா என்று யோசியுங்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். அதற்கும் பதியுமுன் சட்டத்தரணியிடம் ஒரு சொல் கேளுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா வீட்டில் தனியாகச் செய்யும் தேயிலையையும் எங்கள் லேபிளில் விற்கிறார். கேட்டால் "நானும் உறுப்பினர்தானே" என்கிறார்.

உறுப்பினர் என்பதால் பெயரைப் பயன்படுத்தும் உரிமை தானாக வருமா என்பதை நீங்கள்தான் எழுதியிருக்கவேண்டும். எழுதாதவரை அந்த அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இனியாவது இப்படி: "குழுவின் தரப் பரிசோதனையில் தேறி, குழுவின் தொகுதி இலக்கம் இடப்பட்ட பொருட்களுக்கு மட்டுமே பெயரும் இலச்சினையும் பயன்படுத்தப்படும்." லேபிள்களை ஒருவர் பொறுப்பில் எண்ணி வைத்து, எண்ணியே கொடுங்கள். சொன்னால் கோபம் வரும், இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

பெயரைப் பதிந்து, பிறகு வெளியாருக்கு உரிமம் கொடுக்கும்போதும் இதே விதி இன்னும் கடுமையாக வேண்டும். தரத்தை மேற்பார்வை செய்யும் உரிமை இல்லாத உரிம ஒப்பந்தம் ஓட்டைக் குடம்தான்.

பாட்டி கொழுந்து பறிக்கும் படத்தை லேபிளில் போட்டோம். அப்போது பாட்டி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இப்போது பேத்தி எடுக்கச் சொல்கிறார்.

எடுத்துவிடுங்கள் என்பது என் முதல் பதில். சட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கூடை சுமந்த பெண்ணின் படம் எத்தனை பைக்கற்றுகளில், எத்தனை உல்லாசப் பயணப் பிரசுரங்களில் வந்திருக்கிறது! அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்கள்? நம்மவர்களே தொடங்கும் செயற்றிட்டமும் அதையே செய்யவேண்டுமா?

படம்தான் வேண்டும் என்றால் தனியான சம்மதப் பத்திரம் எழுதுங்கள். எந்தப் படம், எந்தப் பொருளில், எத்தனை வருடம், எவ்வளவு கொடுப்பனவு, சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் எத்தனை நாளில் நீக்குவது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். தமிழில், அவருக்கு வாசித்துக் காட்டி. கைநாட்டு வைப்பவர் என்றால் வாசித்துக் காட்டியவரும் சாட்சியாகக் கையெழுத்திடட்டும், அவர் குழுவுக்கு வெளியே இருப்பவராக இருந்தால் நல்லது. பாட்டி காலமான பிறகு என்ன என்பதையும் அவரிடமே கேட்டு எழுதலாம். கேட்கச் சங்கடமாக இருக்கும். நான் எழுதிய ஒரு பத்திரத்தில் அந்த அம்மா "நான் போனாலும் படம் இருக்கட்டும், காசை மட்டும் பேத்தியின் ரியூஷனுக்குக் குடுங்க" என்றார். அப்படியே எழுதினோம்.

பேஸ்புக் பக்கத்தின் பாஸ்வேர்ட் விலகிப்போன தம்பியிடம் இருக்கிறது. ஒப்பந்தம் என்ன செய்யும்?

நடந்துபோனதற்கு அதிகம் செய்யாது. தம்பியைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். இனிமேல் எழுதவேண்டியது: எந்தப் பக்கத்துக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள், மீட்பு மின்னஞ்சல் குழுவினுடையது, விலகுபவர் ஏழு நாளில் ஒப்படைப்பார். இணைய முகவரிக்கும் இதே விதி. எல்கே முகவரியோ தமிழில் உள்ள '.இலங்கை' முகவரியோ, எதுவானாலும் பதிந்தவர் பெயரைப் பாருங்கள். அநேகமாக இணையத்தளம் செய்து தந்தவர் தன் பெயரிலேயே பதிந்திருப்பார்.

விலகிப்போகிறவர் "புதிய" என்ற சொல்லை முன்னால் சேர்த்து அதே பெயரில் தொடங்கினால்?

சங்கங்கள் முதல் கிரிக்கெட் கழகங்கள் வரை நமக்குப் பழக்கமான வித்தைதான். பெயரைக் குறியாகப் பதிந்திருந்தால் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்த பெயரையும் தடுக்கலாம். பதியாவிட்டாலும் முழுக்கக் கைவிடப்படவில்லை, புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டியைப் பற்றிப் பேசுகிறது. வாங்குபவரைக் குழப்பும் செயல் அதில் அடங்கும். ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவர் நீங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதுவது மலிவு: "விலகுபவர் இப்பெயரையோ, இதனுடன் முன்னொட்டுப் பின்னொட்டுச் சேர்த்த பெயரையோ, எம்மொழியிலும் அதன் மொழிபெயர்ப்பையோ பயன்படுத்தமாட்டார்." அந்த மொழிபெயர்ப்பு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பெயரை அப்படியே சிங்களத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு "இது வேறு பெயர்" என்று வாதாடியவரை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக அவர் இனித் தேயிலையே விற்கக்கூடாது என்று எழுதாதீர்கள். ஒருவரின் பிழைப்பை மறிப்பது வேறு, பெயரைக் காப்பது வேறு.

எங்கள் ஹோம்ஸ்டே லிப்டன் சீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெயரில் லிப்டன் வரலாமா?

அப்புத்தளைப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. லிப்டன் சீட் ஓர் இடம், லிப்டன் உலகம் அறிந்த ஒரு வியாபாரக் குறி. "லிப்டன் சீட்டிலிருந்து இத்தனை கிலோமீற்றர்" என்று விளம்பரத்தில் எழுதுவது இடத்தைச் சொல்வது. 'லிப்டன்' என்பதைப் பெயர்ப்பலகையில் பெரிதாகப் போடுவது வேறு விஷயம். நன்கு அறியப்பட்ட குறிகளுக்குச் சட்டத்தில் பாதுகாப்புக் கூடுதல். நான் என்றால் தொடமாட்டேன்.

பாதி வழியில் பெயரை மாற்றவேண்டி வந்தால் ஒப்பந்தம் செல்லாதா?

செல்லும், மாற்றம் எழுத்தில் இருந்தால். பெயர் அட்டவணையில் இருப்பதன் வசதி இதுதான். ஒப்பந்தத்தைத் தொடாமல் புதிய அட்டவணையில் கையெழுத்திட்டு, எந்தத் திகதியிலிருந்து அது பழையதற்குப் பதிலாக வருகிறது என்று எழுதினால் போதும். "முன்னர் இன்ன பெயரால் அறியப்பட்ட" என்ற சொற்றொடரைக் கொஞ்சக் காலம் பாவியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்றும் இல்லை. 1972இல் நாடு சிலோன் என்ற பெயரை விட்டது, தேயிலை இன்றைக்கும் சிலோன் என்றே விலைபோகிறது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழ்ப் பிரதியும் தந்தார்கள். இரண்டும் ஒன்றுபோல இல்லை. எது செல்லும்?

ஒப்பந்தமே அதைச் சொல்லவேண்டும், கடைசிப் பக்கங்களில் தேடுங்கள். முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று இருந்தால், உங்கள் கையிலுள்ள தமிழ்ப் பிரதி விளக்கத்துக்கு மட்டும்தான். என் தொழிலே மொழிபெயர்ப்பு, அதனால் சொல்கிறேன்: 'உரிமை' என்ற ஒரே சொல்லை உடைமைக்கும் பாவிக்கிறார்கள், அனுமதிக்கும் பாவிக்கிறார்கள். "இலச்சினையின் உரிமை வழங்கப்படுகிறது" என்று தமிழில் இருந்தால், அது விற்றுவிடுவதா, பயன்படுத்த விடுவதா என்று ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

சண்டை முற்றிவிட்டால் கொழும்புக்குத்தான் அலையணுமா?

வியாபாரக் குறி மீறல் போன்ற புலமைச் சொத்து வழக்கு என்றால் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும். ரயில் கட்டணமும் சட்டத்தரணிக் கட்டணமும் சேர்ந்தால் உங்கள் ஒரு வருட இலாபம் போய்விடும். அதனால் அதற்கு முன் இரண்டு படி வையுங்கள். முதலில் 14 நாட்களுக்குள் நேரில் பேச்சு, இடம் ஹட்டன் அல்லது பண்டாரவளை என்று பெயரோடு. சரிவராவிட்டால் இருதரப்பும் ஏற்கும் ஒரு மத்தியஸ்தர். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி நடுவரிடம் போவதாகவும் எழுதலாம், ஆனால் நடுவர் கட்டணமும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

வேலை முடிந்து குழுவும் கலைந்துவிட்டது. பெயரை என்ன செய்வது?

மூன்று வழி எழுதி வைக்கலாம். ஒருவருக்கு விற்பது, இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பது, அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு யாரும் பயன்படுத்தாமல் விடுவது. பதிந்த குறியை ஐந்து ஆண்டு தொடர்ந்து பாவிக்காமல் வைத்திருந்தால் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி பிறர் கேட்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், என்றென்றைக்கும் பூட்டி வைக்க முடியாது. மீதி லேபிள்களை எண்ணி எரித்துவிட்டு, எரித்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ரப்பர் முத்திரையையும் மறக்காமல் வாங்கி வெட்டிப் போடுங்கள். பழைய தலைவர் ஒருவர் வீட்டு லாச்சியில் இருந்த முத்திரையால் கலைந்துபோன சங்கம் ஒன்று இரண்டு வருடம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது.